ஒப்பந்த எதிரி

வடக்குத்து ஊர்க்காரர் பாவாடை வேலைக்குச் சேர்ந்த முதல் பத்து மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு முறை சுட்டு வீழ்த்தப்பட்டார். பெரும்பாலும் காலை டீக்கு முன்னால். அவரைச் சுட்டவர்களில் ஒருவர்கூட விமானி இல்லை என்பதையும், பாவாடைக்கு விமானத்தை அண்ணாந்து பார்த்த அனுபவம் மட்டுமே உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நெய்வேலி டவுன்ஷிப்பில், பிள்ளைகள் குறைந்து மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வான்போர் ஒத்திகைப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். போர் விமானிகள் நிஜ விமானத்தில் ஏறி ஒருவரையொருவர் துரத்திப் பழகினால் எரிபொருள் போகும், சமயத்தில் உயிரும் போகும். அதனால் அறைக்குள் ஒரு கூண்டில் உட்காரவைத்து, திரையில் வானத்தைக் காட்டி, கூண்டைக் குலுக்கி, துரத்தவும் தப்பவும் சுடவும் பழக்குவார்கள். உலகம் முழுக்க நடக்கிற, நியாயமான ஏற்பாடுதான். அதற்கு நெய்வேலி எதற்கு என்ற கேள்விக்கு, திறப்பு விழாவில் நிலையத்தின் இயக்குநர் அறிவுச்செல்வன் தாமே பதில் சொன்னார்.

"விமானத்துக்கு வானம் தேவை. ஒத்திகை விமானத்துக்குக் கரண்ட் தேவை. வானம் எல்லா ஊரிலும் கிடைக்கும். கரண்ட் இங்கேதான் தயாராகிறது. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். மூன்று வருடம் ஆனது. அதற்கு நான்தான் தலைவர் என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்."

அந்த நேரம் பார்த்துப் பந்தலில் பியூஸ் போனதால் மீதிப் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

கூண்டுகள் இரண்டு. நீலக் கூண்டில் நம் விமானி உட்காருவார். சிவப்புக் கூண்டு எதிரிக்கு. உண்மையில் எதிரிக்கு ஆளே வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருக்கிறது. தானே பறக்கும், தானே சாகும். ஆனால் அதை வெளிநாட்டிலிருந்து வாங்கவேண்டும். பதினான்கு மாதம் சுற்றிவிட்டு வந்த கோப்பில் யாரோ ஒரு புண்ணியவான் பச்சை மையில் எழுதியிருந்தார்: "எதிரியை இறக்குமதி செய்வது உள்நாட்டு உற்பத்திக் கொள்கைக்கு முரணானது. உள்ளூரிலேயே எதிரி கிடைக்கிறாரா என முதலில் பார்க்கவும்."

பார்த்தார்கள். பாவாடை கிடைத்தார்.

பாவாடைக்கு நாற்பத்து நான்கு வயது. சுரங்கத்தில் மேல்மண் அள்ளுகிற கான்ட்ராக்டில் பதினாறு வருடம் பொக்லைன் ஓட்டினார். கான்ட்ராக்டர் மாறியதும் புதியவர் தன் ஆட்களோடு வந்துவிட்டார். பாவாடை வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டார். நேர்முகத் தேர்வை நடத்தியவர் பணியாளர் நலப் பிரிவு அதிகாரி கோபாலகிருஷ்ணன்.

"ரெண்டு கையும் ரெண்டு காலும் ஒரே நேரத்துல வேலை செய்யுமா?"

"பதினாறு வருஷமா அதாங்க செஞ்சிகினு இருந்தேன். ரெண்டு லீவரு, ரெண்டு பெடலு."

"யார் மேலயாவது விரோதம் இருக்கா?"

"யாரு மேலயும் இல்லீங்க."

"அடடா," என்று கோபாலகிருஷ்ணன் கவலையோடு குறித்துக்கொண்டார். "பரவால்ல. இங்க வேலை செஞ்சா தானா வந்துடும்."

அடையாள அட்டை வந்தது. பெயர்: பாவாடை. பதவி: எதிரி (ஒப்பந்தம்). நன்னடத்தைச் சான்றுக்காக விசாரிக்க வந்த ஏட்டு அந்த அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்த நாட்டு எதிரி என்று கேட்டார். நிலையத்துக்கே அது தெரியவில்லை. "குறிப்பிட விரும்பாத அண்டை நாடு" என்று எழுதிக் கொடுத்தார்கள். சுதந்திர தினத்தன்று கொடியேற்றும்போது எதிரி வளாகத்துக்குள் நிற்பது மரபல்ல என்று சொல்லி, பாவாடையை கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். அங்கே நின்றபடியே அவர் சல்யூட் அடித்தார். மிட்டாய் மட்டும் செக்யூரிட்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

இத்தனையையும் அவர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் நியமன உத்தரவின் கடைசி வரி. இடைமுறிவு இல்லாமல் இருநூற்று நாற்பது நாள் பணி செய்தவர், நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கப்படுவார். அந்த வரியை அவர் மனைவி கலியம்மாள் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். அவள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். கொட்டையிலிருந்து வருகிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். பத்து விரலிலும் ரேகை போய்விட்டதால் ரேஷன் கடை மிஷின் அவளை ஆள் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பெர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு, குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி அட்டை உண்டு. அவள் அந்த வேலையை விட்டுவிடலாம். நெய்வேலியில் பெர்மனென்ட் என்பது என்ன என்று நெய்வேலிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கான்ட்ராக்ட்காரன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாங்குகிற கை வேறு, பெர்மனென்ட்காரன் வீட்டுப் பத்திரிகையை வாங்குகிற கை வேறு.

வேலை ஆரம்பமானது. விமானிகள்தான் வரவில்லை. அவர்களுக்கு அவர்கள் தளத்திலேயே கூண்டுகள் இருக்கின்றன என்ற விஷயம் கமிட்டியின் மூன்று வருடத்தில் யாருக்கும் தட்டுப்படவில்லை. ஆனால் வருடத்துக்கு நூறு பேருக்குப் பயிற்சி என்று இலக்கு போட்டாகிவிட்டது. ஆகவே நிலையத்து அதிகாரிகளே பயிற்சி பெற்றார்கள். கேண்டீன் சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், கணக்குப் பிரிவு, பிறகு அவர்கள் மச்சான்கள். எதிரியை ஒருமுறை வீழ்த்தினால் 'வான்போர் வல்லுநர்' சான்றிதழ். எதிரி சுடவேண்டியதில்லை, சாகவேண்டியது மட்டும்தான் என்பதால் சிவப்புக் கூண்டின் சுடும் விசையைத் தணிக்கையில் அனாவசியச் செலவு என்று கழற்றிவிட்டார்கள்.

ஸ்டோர் கீப்பர் பாலகுமாருக்குத் திரையில் தன் விமானம் எது என்றே பிடிபடாது. "பாவாடை, நீ எங்கப்பா இருக்க?" என்று காதுக்கருவியில் கேட்பார். "உங்க முன்னாடிதாங்க, கொஞ்சம் எடது பக்கம் திருப்புங்க, ஆங், இப்ப அமுக்குங்க," என்று பாவாடை சொல்லிக்கொடுத்துச் சாவார்.

இயக்குநர் அறிவுச்செல்வன் விஷயம் இன்னும் சிரமம். அவருக்கு உயரம் என்றால் தலைசுற்றும், திரையில் தெரிகிற உயரம்கூட. டாக்டர் சீட்டோடு வந்தார். எனவே அவர் விமானம் தரையை விட்டுக் கிளம்பவில்லை. இருபதாயிரம் அடியிலிருந்து பாவாடை இறங்கிவந்து, அதே ஓடுதளத்தில் அவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். இயக்குநர் சுட்டார். முதல் இரண்டு தடவை குறி தவறியது. ஆண்டறிக்கையில் அது, "எதிரியைத் தரைக்கே வரவழைத்து வீழ்த்திய புதிய போர்முறை" என்று வண்ணப்படத்தோடு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கலியம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தபடியே கேட்பாள்.

"இன்னிக்கி யாருங்க சுட்டது?"

"கேண்டீன்காரரு ரெண்டு தபா. அவரு மச்சான் ஒரு தபா."

"சாப்புட்டீங்களா?"

"நடுவுல சாப்ட்டேன்."

அவள் தினத்தாள் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். இருநூற்று நாற்பதாவது கோடு விழுந்த மறுநாள் பாவாடை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோபாலகிருஷ்ணன் முன்னால் போய் நின்றார். கோபாலகிருஷ்ணன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாவாடை, உங்க தொடர்ச்சியான சர்வீஸ் அதிகபட்சமே ஒரு நாள் ரெண்டே கால் மணி நேரம்தான் இருக்கு."

"இன்னாங்க சொல்றீங்க?"

"அதுவும் அன்னிக்கி ஏசி ரிப்பேர். இல்லன்னா அதுக்குள்ள செத்திருப்பீங்க."

விஷயம் இதுதான். கூண்டில் உட்காரும்போது விரல் வைத்தால் வருகை பதிவாகும். கூண்டும் வருகைப் பதிவேடும் ஒரே கம்ப்யூட்டரில் இணைந்தவை. எதிரி விமானம் வீழ்ந்ததும் திரையில் 'விமானி மரணம்' என்று வரும். அந்தச் செய்தி அதே நொடியில் பதிவேட்டுக்கும் போகும். பணி முடிவு, காரணம் மரணம். டீ குடித்துவிட்டு மறுபடி விரல் வைத்தால் புது நியமனம். இப்படிப் பாவாடை நானூற்றுப் பன்னிரண்டு தடவை வேலைக்குச் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு தடவை காலமாகியிருந்தார்.

"நீங்கதாங்க சாவச் சொன்னீங்க!"

"டியூட்டில சாவறது உங்க வேலை. சர்வீஸ்ல சாவறது உங்க சொந்த விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

பாவாடை கொஞ்சம் யோசித்தார். "அப்ப டியூட்டில செத்தவன் பொண்டாட்டிக்கி வேலை குடுப்பாங்களே, அதுனா குடுங்க."

"குடுக்கலாமே. இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க."

"நான்தான் உசுரோட இருக்கேனே."

"அதான் பாருங்க, உங்க கேஸ்ல எல்லாமே நீங்களே கெடுத்துக்கறீங்க," என்றார் கோபாலகிருஷ்ணன். உண்மையாகவே வருத்தப்பட்டார். கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது ஆறுதல் பட்டிருக்கலாம்.

கலியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு காலண்டரின் பழைய தாள்களை அடுப்பில் போட்டாள்.

"அப்ப, இனிமே சாவாம இருங்க," என்றாள்.

பாவாடை சாவதை நிறுத்தினார். அதற்கு அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சுரங்கத்தில் சரிவில் நின்று மண் அள்ளும்போது பின்னாலிருந்து டிப்பர் வேகமாக வந்தால் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார். ஓடமாட்டார். முகப்பைத் தூக்கி, வேகத்தை ஒரேயடியாகக் குறைத்து, பக்கவாட்டில் ஒரு சுழற்சி. துரத்தி வந்தவர் நிறுத்த முடியாமல் அவரைத் தாண்டி முன்னால் போய்விடுவார். போனவர் திரும்பி வருவதற்குள் இவர் வேறு உயரத்தில் இருப்பார். விமானிகள் இதை வருடக்கணக்கில் பயில்கிறார்கள் என்பது பாவாடைக்குத் தெரியாது. அவர் பறந்த ஒவ்வொரு நிமிஷத்தையும் கூண்டு பதிவு செய்துகொண்டிருந்தது என்பதும் தெரியாது.

ஒரு மாதம் யாருக்கும் சான்றிதழ் இல்லை. இரண்டாவது மாதம் கணக்குப் பிரிவு அதிகாரி வாந்தி எடுத்தார். மூன்றாவது மாதம் மெமோ வந்தது: "எதிரியாகப் பணிபுரியும் திரு. பாவாடை சமீபகாலமாகப் பிடிவாதமாக உயிரோடு இருந்துவருகிறார். இது சக ஊழியர்களின் போர்க்குணத்தைப் பாதிக்கிறது. மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும்." இனிமேல் கவனமாக இருப்பதாக அவர் எழுதிக் கொடுத்தார். கவனமாகவே இருந்தார். வேலையை விட்டு நீக்கியிருப்பார்கள். ஆனால் புது எதிரிக்கு டெண்டர் விட எட்டு மாதம் ஆகும் என்று தெரிந்ததும் அந்தக் கோப்பும் தூங்கப்போய்விட்டது.

காலண்டரில் இருநூற்று முப்பத்து ஒன்பதாவது கோடு விழுந்த நாள், இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு மேலிடத்துலேருந்து ஆய்வுக் கமிட்டி வருது. நிஜமான போர் விமானி ஒருத்தரை அழைச்சிகிட்டு வராங்க. பதினொன்னு நாப்பதுக்கு நீ விழற. பதினொன்னு நாப்பத்தஞ்சுக்கு போட்டோ. பன்னெண்டரைக்கு லஞ்ச், பிரியாணி சொல்லியாச்சு."

"ஐயா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் வுட்ருங்கையா. நாளையோட எரநூத்தி நாப்பது. மறுநாளு எத்தினி தபா வேணாலும் சாவறேன்."

"ஒரு நாள்தானே பாவாடை? நாட்டுக்காக ஒரு நாள் சாவ மாட்டியா?"

"நான் எதிரிங்களேய்யா."

இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். உயரம் ஒத்துக்கொள்ளாததால் தரைத்தள அறைதான். "இங்க பாரு. ஒரு எதிரி நீண்ட நாள் உயிரோட இருந்தான்னா, நம்ம பயிற்சி சரியில்லன்னு அர்த்தம். நம்ம பயிற்சி சரியில்லன்னா, நிலையம் எதுக்குன்னு கேப்பாங்க. நிலையம் எதுக்குன்னு கேட்டா, நான் எதுக்குன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் யாரையும் கிட்ட விட்டதில்ல. நீ விழலன்னா அடுத்த மாசம் ரினியூவல்ல என் கையெழுத்து இருக்காது."

அன்று வீட்டில் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது. விழுந்தால் எண்ணிக்கை பூஜ்யம். விழாவிட்டால் வேலையே இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கலியம்மாள் தேங்காயெண்ணெய் தடவிய விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "வுழுந்துடுங்க. வேலைனா இருக்கட்டும்," என்று கடைசியில் அவள்தான் சொன்னாள்.

மறுநாள் வந்த விமானி ஒரு பெண். ஸ்குவாட்ரன் லீடர் பவித்ரா. முப்பது வயது இருக்கும். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். கமிட்டி உறுப்பினர்கள் ஏழு பேரும் பெரிய திரைக்கு முன்னால் முந்திரிப்பருப்புத் தட்டோடு உட்கார்ந்தார்கள். அந்தப் பருப்பை யார் உடைத்தார்களோ தெரியாது.

பதினொன்று முப்பத்தெட்டு வரை பாவாடை பறந்தார். பிறகு கையைத் தளர்த்தி, விமானத்தை நேராக, சமமாக, வேகம் மாற்றாமல் விட்டார். பவித்ரா பின்னால் வந்து நின்றாள். சுட்டால் தீர்ந்தது. பாவாடை கண்ணை மூடிக்கொண்டார். பதினொன்று நாற்பது ஆனது. நாற்பத்தொன்று ஆனது. காதுக்கருவியில் குரல் வந்தது.

"ஏண்ணே, இன்னாத்துக்கு நேராப் போயிகினு இருக்கீங்க?"

"சுட்ருங்கம்மா. எனக்கு வுழச் சொல்லி உத்தரவு."

"நிக்கிற வண்டிய சுடறதுக்கா அவ்ளோ தூரத்துலேருந்து வந்தேன்? ஓட்டுங்கண்ணே. நான் புடிச்சிக்கறேன், முடிஞ்சா."

பாவாடை ஓட்டினார். அதன்பிறகு நாற்பது நிமிஷம் நடந்ததைச் சொல்ல எனக்குத் தெரியாது. திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே மேலே ஏறின, தரைவரை பாய்ந்து இறங்கின, பக்கம் மாறி மாறிப் பின்னின. பவித்ரா மூன்று தடவை அவரைத் தாண்டி முன்னால் போனாள். ஒரு தடவை அவள் குறிக்குள் அவர் வந்து நூலிழையில் வெளியே போனார். யாரும் விழவில்லை. திரைக் கணக்கில் எரிபொருள் தீர்ந்து ஆட்டம் நின்றபோது கமிட்டித் தலைவர் எழுந்து கைதட்டினார். அவர் தட்டியதால் இயக்குநரும் தட்டினார், மற்றவர்களைவிடச் சத்தமாக.

கூண்டைவிட்டு இறங்கிய பவித்ராவின் முதுகெல்லாம் வியர்வை. கமிட்டிக்கு முன்னாலேயே சொன்னாள். "எங்க தளத்துல இருக்கற புரோகிராமே இவரு கால் தூசிக்கு வராது சார். இவரை விட்டுடாதீங்க. இவரு பறக்கறதைப் பார்த்தே ஒரு தலைமுறை கத்துக்கலாம்." மனதார, நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று ஷிப்ட் முடிந்து பாவாடை விரல் வைத்தபோது பதிவேட்டில் இருநூற்று நாற்பது என்று வந்தது. கலியம்மாள் கேசரி கிளறினாள். குவார்ட்டர்ஸ் எந்த பிளாக்கில் கிடைக்கும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் இரண்டு பேரும் பேசினார்கள்.

பரிசீலனை முடிய நான்கு மாதம் ஆனது. முடிவை அறிவிக்க இயக்குநர் கூட்டம் போட்டார்.

"நண்பர் பாவாடையின் இருநூற்று நாற்பது நாள் சேவையை நிலையம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நிரந்தர எதிரி என்று ஒருவரை அரசாங்கச் சம்பளத்தில் வைத்துக்கொள்வது வெளியுறவுக் கொள்கைக்கு விரோதமானது. தவிர, ஆளை நிரந்தரமாக்கப் பணியிடம் வேண்டும். சொத்தை நிரந்தரமாக்கப் பதிவேட்டில் ஒரு வரி போதும். எனவே, அவர் பறந்த அத்தனையும் கூண்டில் பதிவாகியிருப்பதால், அதையே ஒரு புரோகிராமாகச் செய்துவிட்டோம். முழுக்க முழுக்க உள்நாட்டு எதிரி! பாவாடையை நாம் விட்டுவிடவில்லை. அவர் என்றென்றைக்கும் நம்மோடு இருப்பார்."

சிவப்புக் கூண்டுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, நிலையத்தின் நிரந்தரச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அந்த எதிரிக்குச் சுடும் விசையும் வாங்கிப் பொருத்தினார்கள். இந்த முறை தணிக்கை ஆட்சேபிக்கவில்லை. பாவாடைக்கு ஒரு சால்வை.

வேலையும் போகவில்லை. விமானிகள் இப்போதும் வருவதில்லை. ஆனால் புரோகிராமைத் தினமும் ஆறு மணி நேரம் ஓட்டினால்தான் வாரன்டி செல்லும். அதற்காக நீலக் கூண்டில் யாராவது உட்காரவேண்டும். புது அட்டை கொடுத்தார்கள். பதவி: நம் விமானி (ஒப்பந்தம்). கடைசி வரியில் அதே இருநூற்று நாற்பது நாள்.

பாவாடை தினமும் உட்காருகிறார். முன்னால் போகிற சிவப்பு விமானத்தைத் துரத்துகிறார். அது ஓடாது. முகப்பைத் தூக்கி, வேகத்தை ஒரேயடியாகக் குறைத்து, பக்கவாட்டில் சுழலும். அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாமல் தாண்டி முன்னால் போய்விடுவார். பின்னாலிருந்து சுடும். திரையில் 'விமானி மரணம்' என்று வரும். எழுந்து டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி விரலை வைத்து வேலைக்குச் சேருவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கலியம்மாள், கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களால் சொம்பை நீட்டியபடி கேட்கிறாள்.

"இன்னிக்கி யாருங்க சுட்டது?"

"நாந்தான்," என்கிறார் பாவாடை.